கடல் பக்கத்துக் காது

கொஞ்ச நாளாகக் காதுக்குள் ஒரே இரைச்சல். காலையில் வாழைச்சேனையில் டொக்டரிடம் காட்டினேன். பைக் ஓடும்போது இனி ஹெட்செட்டில் பாட்டுக் கேட்கக் கூடாதாம். காற்றின் சத்தமே காதைக் கெடுக்குமாம். இரண்டு காதையும் அடைக்கச் சொன்னார்.

மருந்துக்கடையில் மெத்தென்ற அடைப்பான் வாங்கிப் போட்டுக்கொண்டு, மனைவியைப் பின்னால் ஏற்றி, மாங்கேணியில் அவளுடைய தாய்வீட்டுக்குப் புறப்பட்டேன். யுத்தம் முடிந்து பாதை திறந்த பிறகு அடிக்கடி போகிறோம்.

கொஞ்சத் தூரத்தில் தோளில் தட்டி நிற்பாட்டினாள். ஹெல்மெட்டைக் கழற்றச் சொல்லி, வலது காதில் இருந்ததைப் பிடுங்கினாள்.

"கடல் பக்கத்துக் காத அடைக்காதீங்க. அண்டைக்கு ஆக்கள் கத்தினது கேட்டபடியாத்தான் நான் ஓடித் தப்பினன்."

சுனாமியன்று அவள் மாங்கேணியில் இருந்தவள். ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு பைக்கைக் கிளப்பினேன்.

திரும்பி வரும்போது மறுபடியும் தட்டினாள்.

"இப்ப கடல் மற்றப் பக்கம்."

இடது காதைத் திறந்து வலது காதை அடைத்தாள்.

"அடைச்ச காதுல பாட்டாவது போடட்டா?" என்று கேட்டேன்.

"பாட்டுப் போட்டா மற்றக் காதும் அதத்தானே கேக்கும்!"

டொக்டர் சொல்வதும் சரி, இவள் சொல்வதும் சரி. எனக்குத்தான் ஒன்றும் பிடிபடவில்லை.

நாளைக்குக் கல்லடிக்குப் போக வேண்டும். அங்கே ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி. அன்றைக்கு இரண்டும் ஒன்றாகிப் போன இடம்.

கல்லடி ஆட்கள் சொல்லுங்கள், நீங்கள் எந்தக் காதை அடைக்கிறீர்கள்?