அடக்கத் தெரிந்த பிள்ளை

அண்ணன் தம்பி இருவரும் ஒரே வீட்டில் குடியிருந்தார்கள். கீழே மூத்த மருமகள், மாடியில் இளையவள். மூத்தவள் பெயிண்ட் கடையில் நிறம் கலந்து கொடுக்கிறவள். கடையில் அவள் வாய்க்கு எல்லாரும் பயப்படுவார்கள். வீட்டில் ஓர்ப்படியான இளையவளின் முன்னால் மட்டும் அந்த வாய் அடைத்துப்போகும். காரணம், மொட்டைமாடிக் கொடியில் அன்றாடம் காயும் தன் வீட்டுப் படுக்கை விரிப்பு.

இருவருக்கும் ஆளுக்கொரு மகள், இரண்டு பிள்ளைகளுக்கும் எட்டு வயது. கீழ் வீட்டுப் பெண்ணை வாலு என்பார்கள், மாடி வீட்டுப் பெண்ணை மைனா. வாலு நொடிக்கொரு தரம் பாத்ரூமுக்கு ஓடுவாள், ராத்திரி படுக்கையை நனைப்பாள். மைனா காலையில் போனால் பள்ளி விட்டு வந்துதான் போவாள்.

“எல்லாம் பழக்குற விதத்துல இருக்குக்கா. எங்க மைனாவுக்கு அடக்கத் தெரியும்” என்பாள் இளையவள், தன் புடவையை அந்த விரிப்பிலிருந்து நாசூக்காகத் தள்ளி உலர்த்தியபடி.

மூத்தவளுக்கு வயிறு பற்றி எரியும். ஓர்ப்படியின் நிறத்தைப் பார்த்தோ நகையைப் பார்த்தோ அவள் ஒருநாளும் பொறாமைப்பட்டதில்லை. போயும் போயும் ஒரு குழந்தையின் மூத்திரப்பையைப் பார்த்துப் பொறாமைப்படுகிறோமே என்று அவளுக்கே கூச்சமாக இருந்தது. ஆனாலும் எரிச்சல் அடங்கவில்லை.

கடைசியில் வாலுவைக் குழந்தை டாக்டரிடம் கூட்டிப்போனாள். டாக்டரம்மா நிதானமாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: “வயசோட ஒண்ணக் கூட்டி முப்பதால பெருக்குங்க. எட்டு வயசுக்கு இருநூத்தி எழுபது மில்லி. பன்னெண்டு வயசு வரைக்கும் இது ஒரு குத்துமதிப்புக் கணக்கு, அவ்வளவுதான். லீவு நாள்ல, அவளா வருதுன்னு சொல்றப்ப எல்லாம் ஜாடியில பிடிச்சு அளந்து பாருங்க. எழுந்ததும் முதல்ல போறத மட்டும் விட்டுடுங்க. அடக்கச் சொல்லிக் கட்டாயப்படுத்தாதீங்க.”

ஞாயிற்றுக்கிழமை புது பிளாஸ்டிக் ஜாடியோடு மூத்தவள் பாத்ரூம் வாசலில் காத்திருந்தாள். எத்தனை முறை அளந்தாலும் நூற்றைம்பதைத் தாண்டவில்லை. மகள் பரீட்சையில் கோட்டைவிட்டது போல மனசு சுருங்கியது.

அன்றைக்கென்று பார்த்து இளையவள் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தாள். மைனா இவள் பொறுப்பில் இருந்தாள். சாயங்காலம் மைனா வந்து நின்றாள்.

“பெரியம்மா, எனக்கும் ஜாடி குடுங்க. நானும் அளக்குறேன்.”

வேண்டாம் என்றுதான் மூத்தவள் சொல்ல வந்தாள். ஆனால் கை தானாக ஜாடியை நீட்டியது. அரை லிட்டர் ஜாடி. அது விளிம்புவரை நிரம்பி, மேலும் வழிந்தது. இதிலும் ஓர்ப்படியின் மகள்தான் ஜெயிக்க வேண்டுமா என்று மூத்தவள் பல்லைக் கடித்தாள். பிறகுதான் குழந்தை அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்பதைப் பார்த்தாள்.

“வலிக்குதாடி?”

“எப்பவும் வலிக்கும் பெரியம்மா. ஸ்கூல் பாத்ரூம்ல தாழ்ப்பாள் இல்ல, அதனால போக மாட்டேன். சில நாள் ஜட்டியில கசிஞ்சிடும், நானே அலசிப் போட்டுடுவேன். அம்மாகிட்ட சொல்லிடாதீங்க.”

உண்மையைச் சொன்னால், அந்த நிமிஷம் மூத்தவளுக்கு உள்ளுக்குள் சர்க்கரையாக இனித்தது. ஓர்ப்படியின் முகம் எப்படிப் போகும் என்று கற்பனை செய்து பார்த்தாள். மைனாவின் தலையைத் தடவிக்கொண்டே அப்படி நினைத்தாள்.

அடுத்த முறை டாக்டரைப் பார்த்தபோது இதையும் சொன்னாள். டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார். “ரொம்பக் கம்மின்னாலும் பார்க்கணும், இவ்வளவு அதிகம்னாலும் பார்க்கணும். நாள்பூரா அடக்கி அடக்கிப் பை தளர்ந்திருக்கலாம். முழுசா வெளியேறாம தங்கினா கிருமி சேரும். அந்தக் குழந்தையக் கூட்டிட்டு வரச் சொல்லுங்க.”

அன்றே இளையவளை மாடிப்படியில் மறித்துச் சொன்னாள். நல்லபடியாகத்தான் ஆரம்பித்தாள், ஆனால் நாக்கு சும்மா இருக்கவில்லை. “அடக்கத் தெரிஞ்ச பிள்ளைன்னு பீத்திக்கிட்டியே, அது வியாதியாம்.”

இளையவள் முகம் வெளுத்தது. “உங்க பிள்ளை நனைக்குதுன்னு என் பிள்ளைக்கு வியாதி கட்டுறீங்களா? பொறாமைக்கும் ஒரு அளவு வேணும்க்கா.”

அதோடு பேச்சுவார்த்தை நின்றது. சொன்னது உண்மை, சொன்ன விதம்தான் பொறாமை. இரண்டையும் பிரித்துக் காட்ட மூத்தவளுக்கு வழி தெரியவில்லை. மறுபடி படியேறிப் போகவும் ரோஷம் விடவில்லை. புருஷனிடம் சொன்னாள். தம்பி காதில் போட்டிருப்பதாக அவன் சொன்னான், அதற்குமேல் எதுவும் நடக்கவில்லை.

பத்துப் பதினைந்து நாள் கழித்து மைனாவுக்குக் குளிர்ஜுரம் கண்டது. ஒன்றுக்குப் போகும்போதெல்லாம் எரிச்சலில் அழுதாள். இளையவள் கலைந்த தலையோடு இறங்கி வந்து வாசலில் நின்றாள்.

“அக்கா, அந்த டாக்டர்கிட்ட நீங்களும் கூட வர்றீங்களா?”

மூத்தவள் செருப்பை மாட்டிக்கொண்டாள். ஆட்டோவில் மைனாவை மடியில் போட்டுக்கொண்டு, “அன்னிக்கு நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது” என்றாள். இளையவள் மூக்கை உறிஞ்சினாள்.

மருந்தில் கிருமி போயிற்று. நேரத்துக்கு நேரம் போக வேண்டும், அடக்கக் கூடாது என்று மைனாவைப் பழக்கினார்கள். இருவரும் பள்ளிக்குப் போய்ச் சத்தம் போட்டதில் கதவுக்குத் தாழ்ப்பாளும் வந்தது. அந்தப் பருவம் முடிவதற்குள் மைனா பழையபடி துள்ளினாள்.

வாலுவுக்கு மெல்லத்தான் குறைந்தது. வாரத்தில் ஓரிரு நாள் விரிப்பு நனையும், இன்னும் கொஞ்சம் பொறுங்கள் என்றார் டாக்டர். கொடியில் அதை விரிக்கும்போது, மைனாவுக்கு மட்டும் எப்படி இவ்வளவு சீக்கிரம் சரியாயிற்று என்று மூத்தவளுக்கு மறுபடி லேசாக எரிந்தது. இளையவள் தானாகவே வந்து விரிப்பின் மறுமுனையைப் பிடித்து, சுருக்கம் போக இழுத்துவிட்டாள். அதற்கும் சேர்த்துத்தான் எரிந்தது.