எட்டும் எட்டும் நாலு ஓம்

1. நாலாவது டிக்கெட்

வெள்ளிக்கிழமை காலை நான் ஷட்டரை முழுதாக மேலே தள்ளுவதற்குள் மேரி அக்கா குனிந்து உள்ளே புகுந்துவிட்டார். நேராகப் போய் மூலையில் இருந்த பேஸ் கிட்டாருக்கான இரண்டு ஸ்பீக்கர் கேபினெட்டுகளில் ஒன்றின்மேல் உட்கார்ந்தார்.

“செல்வி, மூணு டிக்கெட் எடுத்தாச்சு. எனக்கு ஒண்ணு, பிள்ளைங்களுக்கு ரெண்டு. அந்த மனுசன் டிக்கெட் இந்தப் பெட்டிக்குள்ள இருக்குது. நாளைக்கு பிளேன். இன்னிக்கு இது வித்துச்சுன்னா அவரு வருவாரு. விக்கலன்னா இங்கயே நிக்கட்டும். நான் கனடா போயி வேற ஆளப் பாத்துக்கறேன்.”

“வித்துடலாம்க்கா. ஜோசப் அண்ணன் விக்க விடணுமே?”

“அவரு கல்யாணம் கட்டுனது என்னய இல்ல, இதத்தான்” என்று உட்கார்ந்த இடத்தை ஓங்கித் தட்டினார். விருந்து சாப்பிட்ட வயிறுபோல் அது ‘தும்’ என்றது.

இரண்டு கூ நடந்த வருடம் அது. பட்டாளம் ஆட்சியைப் பிடிப்பதை ஃபிஜியில் நாங்கள் ‘கூ’ என்று ஒற்றை எழுத்தில் சொல்லிவிடுவோம். தமிழ் தெரிந்த காதுக்கு ஏதோ குயில் கூவியதுபோல் இருக்கும். குயில் கூவியதும் சனங்கள் பறந்தார்கள். நான் வேலை பார்த்த வாத்தியக் கடை நமாகாவில், விமான நிலையத்துக்கு அடுத்தாற்போல். மேலே ஒரு விமானம் ஏறினால் கீழே கடையில் ஒரு கிட்டார் கூடும். போகிறவர்கள் பாத்திரத்தை அக்காவுக்கும் நாயை அண்டை வீட்டுக்கும் கொடுத்துவிட்டு, ஆம்ப்ளிஃபயரை எங்களிடம் கொண்டுவந்தார்கள். முதலாளியே “சிட்னியில ரெண்டு வாரம்” என்று சாவியை என் கையில் கொடுத்துவிட்டுப் போய், அங்கே வீடு பார்த்துவிட்டதாக எழுதினார். அதன்பின் வாசலில் வருகிறவர்கள் கேட்டது இரண்டே கேள்வி: பேஸ் இருக்குதா, பாஸ் இருக்காரா. பேஸ் நிறைய இருந்தது.

என் கைப்பையிலும் ஓர் உறை இருந்தது. பாஸ்போர்ட்டுக்கு எடுத்த படம், நாலு பிரதி. எல்லாரும் எடுத்தார்கள், நானும் எடுத்தேன்.

2. விற்க வந்தவர் விற்க விடவில்லை

ஜோசப் அண்ணன் ஓட்டல் பேண்டில் பேஸ் வாசித்தவர். சுற்றுலாக்காரர்கள் வருவது நின்றது, பேண்டும் நின்றது. அவருடைய செட் இது: கண்ணாடி வால்வ் வைத்த பழைய அமெரிக்க ஆம்ப் ஒன்று (அதை ‘ஹெட்’ என்போம்), பதினைந்து அங்குல ஸ்பீக்கர் வைத்த கேபினெட் இரண்டு, கழுத்தில் பெயின்ட் தேய்ந்த நாலு கம்பி பேஸ் ஒன்று. நல்ல செட். இரண்டு கேபினெட்டும் சேர்ந்து வாசித்தால் சத்தம் காதுக்கு வருமுன் முழங்காலுக்கு வரும்.

வாங்க ஆள் வராமல் இல்லை. அந்த வாரம் முழுக்க அவர் கடையிலேயே உட்கார்ந்து வந்தவர்களை விரட்டிக்கொண்டிருந்தார். ஓட்டல்காரர் ஒருவர் வந்து ஹெட்டைத் தூக்கிப் பார்த்தார்.

“பாரமா இருக்குதே.”

“பாரம்தான் பாயி. இடுப்பு போயிரும். அந்தா பாரு, டிரான்சிஸ்டர் ஆம்ப். ஒரு கையில தூக்கலாம். வால்வ் மாத்தற வேல கெடயாது. அத எடுத்துக்க.”

ஓட்டல்காரர் டிரான்சிஸ்டரை எடுத்துக்கொண்டு போனார். அடுத்து வந்தவரிடம், “தடிச்ச கம்பில வாசிச்சா பெட்டியோட பின்பலகை கரகரங்கும், இப்பவே சொல்லிட்டேன்” என்றார். கரகரத்தது உண்மைதான். கேட்காதவரிடம் சொல்ல வேண்டியதில்லை என்பதும் உண்மை.

“அண்ணே, விக்க வந்தீங்களா, காவலுக்கு வந்தீங்களா?”

“யார் கையில போவுதுன்னு பாக்கறேன் தங்கச்சி. பொண்ணு குடுக்கறப்ப விசாரிக்க மாட்டாங்களா?”

மேரி அக்கா பெட்டியை விட்டு எழவில்லை. “என்னய எங்கப்பா குடுத்தப்ப இப்படி விசாரிச்சிருக்கலாம்” என்றார்.

3. ரராவாய்க் கணக்கு

மதியம் ஒரு லாரி வந்து நின்றது. அதிலிருந்து இறங்கியவர் முனுசாமி கவுண்டர். ரராவாய் கரும்பு மில்லில் பாய்லர் பார்த்தவர், அந்தப் பக்கத்து அம்மன் கோயில் கமிட்டித் தலைவர். உள்ளே வரும்போதே பேச்சு ஆரம்பமாகிவிட்டது.

“தங்கச்சி, ஆத்துக்கு அந்தாண்ட கோயில்ல பேஸ் வெச்சிட்டானுங்க. நம்ம மேளம் நம்ம அம்மனுக்கே கேக்கல. அத விடப் பெரிசா ஒண்ணு குடு.”

ஜோசப் செட்டையும், பக்கத்தில் இருந்த ஒரு பெரிய ஒற்றைக் கேபினெட்டையும் காட்டினேன். கவுண்டர் இரண்டுக்கும் பின்னால் போய், குனிந்து, தகட்டில் எழுதியிருந்ததைப் படித்தார்.

“இது என்னா எட்டு?”

“எட்டு ஓம்.”

கவுண்டர் நிமிர்ந்தார். செருப்பைக் கழற்றிவிடுவாரோ என்று தோன்றியது. “இது?”

“அது நாலு ஓம்.”

“என்னா பேச்சு இது. கோயிலுக்கு எட்டு ஓம் இருக்கறப்ப நாலு ஓம் வாங்குவாங்களா? இந்த எட்டையே குடு. ரெண்டு இருக்குதே, அப்ப பதினாறு ஓம்! அந்தாண்ட கோயில்காரன் செத்தான்.”

மேரி அக்காவின் முகத்தில் முதன்முறையாக வெளிச்சம் வந்தது. எல்லாரும் வாயை மூடிக்கொண்டிருந்தால் அப்போதே விற்றிருக்கும். ஜோசப் அண்ணன் இருமினார்.

“கவுண்டரே, அது சாமி ஓம் இல்ல. ஸ்பீக்கர் கரன்ட்ட எவ்வளவு தடுக்குதுங்கற அளவு. அப்பறம், ரெண்டயும் சேத்து மாட்டுனா பதினாறு ஆவாது. நாலுதான் ஆவும்.”

“எட்டும் எட்டும் நாலா?”

“ஆமா.”

“ஏம்ப்பா, கவர்மென்டு நம்ம டாலரக் கொறச்சுட்டான், சரி. நீ ஓமயும் கொறக்கறியா?”

லாரிச் சாவி அவர் கையில் குலுங்கியது. மேரி அக்கா கண்ணை மூடி மாதாவைக் கூப்பிட்டார். நான் ஓடிப்போய் கவுண்டருக்கும் கதவுக்கும் நடுவில் நின்றேன்.

“அய்யா, பதினாறும் ஆவும். பாத்துட்டுப் போங்க.”

கரும்பு ரயில் பெட்டிபோல் ஒன்றன் பின்னால் ஒன்றாக மாட்டினால் எட்டும் எட்டும் பதினாறு. ஏர் மாடுபோல் தோளோடு தோள் மாட்டினால் நாலு. தொழிலில் இதை சீரிஸ், பேரலல் என்பார்கள். முறைத்துக்கொண்டே ஜோசப் அண்ணன் தன் பையிலிருந்து சீரிஸ் கேபிளை எடுத்தார்.

எங்கள் கடையில் ஆம்பைப் பரிசோதிக்க ஒரு வழி உண்டு. கொல்லையில் எப்போதும் யங்கோனா கரைத்து வைத்திருப்போம். வேரை இடித்துக் கரைத்த மண்நிறத் தண்ணீர், நாக்கை மரக்க வைக்கும், ஊரே குடிப்பது. ஒரு கிண்ணம் அதைக் கேபினெட் தலையில் வைத்து வாசிக்க வேண்டும். காது பொய் சொல்லும், யங்கோனா சொல்லாது.

பேஸை நான் மாட்டிக்கொண்டேன். விற்பதற்காக நான் கற்றது நாலு நோட்டு, அதாவது நாலே சுரம். அதையே சுற்றிச் சுற்றி வாசிப்பேன். முதலில் பதினாறு ஓம். கிண்ணத்தில் ஒரு சுருக்கம் விழுந்தது, பாட்டி நெற்றிபோல. அவ்வளவுதான். “ரொம்ப நேரம் வேணாம், வால்வ் கோவிச்சுக்கும்” என்று கேபிளை மாற்றினார் ஜோசப் அண்ணன். இப்போது நாலு ஓம். அதே பெட்டிகள், அதே விரல், அதே நோட்டு. யங்கோனா குதித்துக் கவுண்டரின் சட்டையில் விழுந்தது. ஷட்டர் நடுங்கியது. பின்பலகை கரகரவென்று அழுதது.

கவுண்டர் சட்டையைப் பார்த்தார். கிண்ணத்தைப் பார்த்தார். பிறகு மெதுவாகத் தலையை ஆட்டினார்.

“இத மொதல்லயே சொல்றதுக்கு என்னா? ஓம் சொல்லச் சொல்ல மனசு அடங்குமா, அடங்காதா?”

“அடங்கும்” என்றேன்.

“அதான். ஓம் ஜாஸ்தியானா சத்தம் அடங்குது. தியானத்துக்குப் பதினாறு, திருநாளுக்கு நாலு. சாமி ஓம் இல்லன்னானே இவன்!”

இத்தனை வருடத்தில் இதைவிடத் தெளிவாக ஓமை யாரும் எனக்கு விளக்கியதில்லை.

“சரி, ஒரு பெட்டியும் மாட்டாம சுவிச்சப் போட்டா?” என்று கேட்டார்.

“வாசிச்சா எரிஞ்சுபோவும்” என்றார் ஜோசப் அண்ணன். “வால்வ் ஆம்ப் தனியா நிக்காது. ஒரு பெட்டியாவது இருக்கணும்.”

“மனுசன் மாதிரி” என்றார் கவுண்டர்.

4. ஆளோடு சேர்த்து

விலை பேசி முடிந்தது. மேரி அக்கா கைப்பையைத் திறந்து தயாராக வைத்திருந்தார். அப்போதுதான் ஜோசப் அண்ணன் கேட்டார்.

“கோயில்ல யாரு வாசிப்பாங்க?”

கவுண்டர் கூரையைப் பார்த்தார். “என் மவன் வாசிப்பான்.”

“எங்க இருக்கான்?”

“பிரிஸ்பேன்ல.”

“அவன் விரலு அங்கேருந்து நீளுமா?”

“ஆள் வருவான்ப்பா. நீ வேணா வாயேன்? உன்னயும் சேத்து என்ன விலைன்னு சொல்லு.”

“நாளைக்கு நான் பிளேன் ஏறணும்.”

“அப்ப ஏன்யா கேள்வி கேக்கற?”

“வாசிக்க ஆள் இல்லாத எடத்துக்கு நான் குடுக்க மாட்டேன்.”

சொல்லிவிட்டு அவர் பேஸைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். மேரி அக்கா கத்தவில்லை. அதுதான் பயமாக இருந்தது. கைப்பையை ‘டக்’கென்று மூடி, கணவரைப் பார்த்தார். “பிள்ளைங்க கேட்டா என்னா சொல்றது? அப்பாவோட பேஸ வாசிக்க ஆள் கெடைக்கல, அதனால வரலன்னா?” கடைக்கு மேலே ஒரு விமானம் ஏறியது. கேபினெட் இரண்டும் தாமாகவே மெல்ல முனகின.

பேஸின் வார் இன்னும் என் தோளில் இருந்தது. ஜோசப் அண்ணன் இழுத்ததில் நானும் அதோடு சேர்ந்து இரண்டடி நகர்ந்திருந்தேன். கவுண்டர் வாரைப் பார்த்தார். அப்படியே கண்ணை ஏற்றி என்னைப் பார்த்தார்.

“இவ வாசிப்பா.”

“அய்யோ, எனக்கு நாலு நோட்டுதான் தெரியும்!”

“நாலு ஓமுக்கு நாலு நோட்டு போதாதா?”

“நானே எப்ப போவேனோ தெரியாது. படம் எடுத்து வெச்சிருக்கேன்.”

“படம் எடுக்காதவன் யாரு? எங்க ஊட்டு மாட்டுக்குத்தான் இன்னும் எடுக்கல. திருநாள் முடியட்டும், அப்பறம் போ.”

மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள். வியாபாரத்தில் விற்கிறவள் பேரம் பேசுவாள். அவளையே பேரத்தில் வைத்தால் என்ன செய்வதென்று யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை. “திருநாள் வரைக்கும்” என்றேன்.

ஜோசப் அண்ணன் வாரை என் தோளில் சரிசெய்துவிட்டார். “நாலு போதும் தங்கச்சி. எப்ப வாசிக்கக் கூடாதுன்னு தெரிஞ்சுக்க, அவ்ளோதான்.” அதற்குள் மேரி அக்கா பணத்தைக் கைப்பையில் போட்டுக்கொண்டு அவர் சட்டைக் காலரைப் பிடித்துத் தெருவுக்கு இழுத்துக்கொண்டு போய்விட்டார், டிக்கெட் ஆபீஸ் மூடுவதற்குள்.

5. ஸ்பீக்கர் கைது

மறுநாள் காலை கவுண்டர் லாரியில் செட்டை ஏற்றிக்கொண்டு ரராவாய் போனோம். வழியில் பட்டாளம் மறித்தது. துப்பாக்கியோடு இளைஞன் ஒருவன் பின்னால் எட்டிப் பார்த்தான். பேச்சு எங்கள் ஊர் இந்தியில் நடந்தது, தமிழில் எழுதுகிறேன்.

“பெட்டில என்ன?”

“ஸ்பீக்கர்” என்றேன்.

“பார்லிமென்ட்ட மூடியாச்சே. ஸ்பீக்கர் எங்க கெளம்பிட்டாரு?”

அவனுடைய ஆட்கள் சிரித்தார்கள். நாங்கள் சிரிக்கலாமா என்று யோசித்தோம். கவுண்டர், “இவரு பேச மாட்டாரு சார், அதிருவாரு” என்றார்.

இளைஞன் துப்பாக்கியை முதுகுப் பக்கம் தள்ளிவிட்டுக் கேபினெட்டைத் தடவினான். பதினைந்து அங்குலத்தைக் கையால் அளந்தான். குரல் தாழ்ந்தது. “சர்ச்சுல நான்தான் பேஸ். எத்தன ஓம்?”

“சேந்தா நாலு.”

“வினாக்கா!” என்று ஃபிஜி மொழியில் மெச்சினான். “நல்லா அதிரும்” என்று கையை ஆட்டி அனுப்பினான்.

கொஞ்ச தூரம் போனதும் கவுண்டர் என் பக்கம் சாய்ந்தார். “பாத்தியா? மெதடிஸ்ட் சர்ச்சுக்காரனே ஓம்ங்கறான். நேத்து அந்த ஜோசப்பு என்னாமோ சொன்னான்.”

6. பின்பலகை

கோயில் கொட்டகையில் செட்டை வைத்து, தோளோடு தோள் மாட்டி, வால்வ் சூடாகும்வரை காத்திருந்து தடித்த கம்பியை மீட்டினேன். அம்மன் முன்னால் தொங்கிய மணி தானாக அசைந்தது. கூடவே பின்பலகை கரகரத்தது.

“இது என்னா, சாமிக்குத் தொண்ட கட்டிக்கிச்சு?” என்றார் கவுண்டர். பலகைக்கும் சட்டத்துக்கும் நடுவில் நகம் நுழையும் இடைவெளி. “கெட்டியா காகிதம் எதாச்சும் குடு, செருவலாம்.”

வாழையிலை வைத்துப் பார்த்தோம், கிழிந்தது. கற்பூர டப்பாவின் அட்டை தடிமனாக இருந்தது, நுழையவில்லை. என் கைப்பையைத் துழாவினேன். உறை கையில் பட்டது. பளபளப்பான, கெட்டியான தாள், அளவும் சரி. மேலே அந்த நேரம் ஒரு விமானம் போனது. ஜோசப் அண்ணன் வீட்டார் ஏறியதா என்று தெரியாது. கவுண்டர் நெற்றியில் கை வைத்து அண்ணாந்தார்.

“கேக்குமா அவனுக்கு?”

“கேக்காது.”

“கேக்காட்டி என்னா, வாசி.”

இன்று கடைக்கு வந்து ஆம்ப் கேட்கும் பிள்ளைகளுக்கு வாட், விலை எல்லாம் சொல்வதற்கு முன் நான் சொல்வது ஒன்றுதான்: வால்வ் ஹெட்டை ஒரு பெட்டியும் இல்லாமல் ஓடவிடாதே. இரண்டில் ஒன்று போனால் சத்தம் குறையும், அவ்வளவுதான். ஒன்றாவது நிற்க வேண்டும். அதன் பிறகு இன்னும் கூ வந்தது, இன்னும் பலர் போனார்கள். கவுண்டர் ஒவ்வொரு வருடமும், “இந்தத் திருநாள் முடியட்டும், அப்பறம் போ” என்கிறார்.

அன்று விமானத்தின் சத்தம் அடங்குமுன் உறையைப் பிரித்தேன். பலகைக்கு நாலு மூலை. பாஸ்போர்ட் படமும் நாலு. மூலைக்கு ஒன்றாகச் செருகித் தடித்த கம்பியை மீட்டினேன். கரகரப்பு நின்றுவிட்டது.