கடைசி வயலுக்கு ஒரு தம்ளர்

மூன்று பேர் சேர்ந்து ஒரு வேலை செய்தால் ஒருவன் செய்வான், ஒருவன் கெடுப்பான், ஒருவன் வரமாட்டான். இந்த விதியை நான் அரசுப் பணியில் கற்றதாகப் பலர் நினைக்கிறார்கள். எட்டாம் வகுப்பிலேயே கற்றுவிட்டேன்.

பள்ளி அறிவியல் கண்காட்சியில் எங்கள் மூவருக்கும் விழுந்தது அணை, கால்வாய் மாடல். முதல் பரிசு பெறும் குழு நாகர்கோவிலில் நடக்கும் மாவட்டக் கண்காட்சிக்குப் போகும். நான் போயே தீருவது என்றிருந்தேன். அப்பா தாலுகா ஆபீஸ் குமாஸ்தா. காகிதத்தில் ஏறாத எதுவும் நடந்ததாகாது என்பது எங்கள் வீட்டுச் சட்டம். ஆகவே பொறுப்புப் பட்டியல் எழுதி மூவரிடமும் கையெழுத்து வாங்கினேன். அணையும் தண்ணீரும் என் பொறுப்பு. கால்வாயும் மடைகளும் மாமா மகனுக்கு. வயல்களாகப் பிரித்த கட்டங்களில் மண் நிரப்பி நெல் முளைக்கவைப்பது, அஞ்சுகிராமத்திலிருந்து வந்து படித்த பையனுக்கு.

அவன் விதைத்து, நாற்று தலைகாட்டியதும் போனவன்தான், கண்காட்சிக்கு முந்தின மூன்று நாளும் ஆளைக் காணோம். லீவு லெட்டரும் இல்லை. மாமா மகன் தினமும் வந்தான். வந்து, எங்கள் வீட்டு முறுக்கைத் தின்றுவிட்டுப் போனான். கால்வாயையும் நானே களிமண்ணில் இழைத்தேன். அணையை ஒட்டிய முதல் கட்டம் தன் அப்பாவின் வயல் என்று அறிவித்தது மட்டுமே அவன் செய்த வேலை. கடைசிக் கட்டம் அஞ்சுகிராமத்தானுக்கு. நிஜத்திலும் அவர்கள் வயல் கால்வாயின் கடைசியில்தான் இருந்தது. கண்காட்சிக்கு முந்தின நாள் மாமா மகன் குனிந்து எதையோ நோண்டினான்.

"என்னலே செய்யுத?"

"ஒண்ணுமில்லடே, எங்க வயலுக்க மடையைச் செரியாக்குதேன்."

மறுநாள் கல்வி அதிகாரி முன்னால் நான் அணையின் ஷட்டரைத் தூக்கினேன். தண்ணீர் மொத்தமும் மாமா மகன் இரண்டு விரல் அகலம் கூட்டிவைத்திருந்த மடைக்குள் பாய்ந்தது. முதல் வயல் நிரம்பி, மேசையில் வழிந்து, என் சார்ட்டை நனைத்தது. கடைசிக் கட்டத்துக்கு ஒரு சொட்டு போகவில்லை.

"லேய், மடையை அடைலே!"

"நில்லுடே. எங்க வயலு நெறையட்டு, பொறவு அடைக்கேன்."

அன்று காலைதான் வந்து சேர்ந்த அஞ்சுகிராமத்தான், என்னை ஒரு வார்த்தை கேட்காமல், அதிகாரிக்கு வைத்திருந்த தம்ளரை எடுத்தான். முதல் வயலிலிருந்து தண்ணீரைக் கோரிக் கோரி, மஞ்சளித்துக் கிடந்த தன் நாற்றில் ஊற்றினான்.

"இதென்ன தம்பி, இதுவும் மாடல்ல உண்டா?" என்றார் அதிகாரி.

"கடைசி வயலுக்கு வாய்க்கால்ல தண்ணி வராது சார். மூணு நாளா நானும் அப்பாவும் கொளத்துலேருந்து கொடத்துல கோரித்தான் ஊத்துனோம்."

அதிகாரி அவன் கொப்புளித்திருந்த உள்ளங்கைகளைப் பார்த்துவிட்டு அடுத்த மேசைக்குப் போனார். பரிசு, சோப்பு காய்ச்சிய குழுவுக்கு.

அன்று மாலையே வகுப்பாசிரியருக்குப் புகார் எழுதினேன், கார்பன் வைத்து. ஒன்று, மடையின் அளவு அனுமதியின்றி மாற்றப்பட்டது. இரண்டு, தண்ணீர்ப் பொறுப்பில் இல்லாதவர் தண்ணீர் ஊற்றினார். மூன்று, மேற்படி நபர் மூன்று நாள் வேலைக்கு வரவில்லை, காரணம் ஏதுமில்லை.

அப்பா அதை வாங்கி இரண்டு முறை படித்துவிட்டு, ஒரு பிழைகூட இல்லை என்று பாராட்டினார். வெகுகாலம் நானும் அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தேன்.