வணிகவியல் வகுப்பில் இரண்டு பேர்

செவ்வந்திக்குச் சின்ன வயதிலிருந்தே ஒரு கெட்ட பழக்கம். மனதில் எதை நினைத்தாளோ அதை வாய்விட்டுச் சொல்லிவிடுவாள். குப்பத்தில் வளர்கிற பெண்ணுக்கு இது ஆகாது. பத்தாவது முடிவு வந்த அன்று, மீன் ஏலம் நடக்கிற இடத்தில் நின்றிருந்த பெண்கள், "மேல இன்னாமா படிக்கப் போற?" என்று பேச்சுக்குக் கேட்டுவைத்தார்கள். "காமர்ஸ் குரூப்பு. அப்பறம் ஆடிட்டர்" என்றாள். யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால்கூடத் தேவலை. ஒருத்தி மட்டும், "அது கவுர்மெண்டு வேலையா?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் நண்டுக் கூடைப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

ஆடிட்டர் ஆசை வந்தது பொன்னேரியில். மகளிர் குழு வேலையாக அம்மா வசந்தாவோடு ஒருமுறை அங்கே போயிருந்தாள். மாடியில் ஓர் ஆடிட்டர் அலுவலகம். நாற்காலியில் கண்ணாடி போட்ட ஒரு பெண். எதிரே அரிசி மில்காரர்கள் இரண்டு பேர், வாத்தியாரிடம் மாட்டிக்கொண்ட பிள்ளைகளைப் போல நின்றிருந்தார்கள். அந்தம்மா கத்தவே இல்லை. பழவேற்காட்டு ஏரிக்கரையில் கத்தாமல் ஒரு காரியம் நடந்து செவ்வந்தி பார்த்ததில்லை. காற்றைத் தாண்டிக் கத்த வேண்டும், இஞ்சின் சத்தத்தைத் தாண்டிக் கத்த வேண்டும், ஏலத்தில் அடுத்தவள் குரலைத் தாண்டிக் கத்த வேண்டும். மெதுவாகப் பேசியும் மற்றவர்கள் கேட்டுக்கொள்கிற வேலை ஒன்று இருக்கிறது என்பது அவள் மனதில் ஒட்டிக்கொண்டது.

அப்பா ராஜவேலு படிப்புக்குக் குறுக்கே நிற்கிற ஆள் இல்லை. ஒரே ஒரு நிபந்தனைதான் வைத்தார். "பொன்னேரிக்கு பஸ்ஸுல எல்லாம் அனுப்ப மாட்டேன். நடந்து போற தூரத்துல இருக்கற பள்ளிக்கூடத்துல இன்னா இருக்குதோ அத்த படி."

"அங்கயே காமர்ஸ் இருக்குது நைனா" என்றாள்.

இருந்தது, பெயருக்கு இருந்தது. பதினொன்றாம் வகுப்பு முதல் நாள் போய்ப் பார்த்தால் முப்பது பேர் உட்காரும் அறையில் அவள் ஒருத்திதான். பெண்கள் நர்சிங் பாடத்துக்கும் கம்ப்யூட்டருக்கும் போய்விட்டார்கள். பையன்களில் பாதிப் பேர் மீன்பிடிக்கத் தண்ணீருக்குப் போய்விட்டார்கள். வணிகவியலுக்கு வந்த சாம்சன் சார், காட்டூரிலிருந்து மோட்டார் பைக்கில் வரும் தற்காலிக வாத்தியார். உள்ளே எட்டிப் பார்த்தார். வெளியே போய்க் கதவுக்கு மேல் எழுதியிருந்ததைப் படித்தார். திரும்ப வந்தார்.

"நீ மட்டும்தானாம்மா?"

"ஆமா சார்."

"சரி, முன்னாடி வா. கடைசி பெஞ்சுல உக்காந்து யார்கிட்ட பேசப் போற?"

ஒற்றை ஆள் படிக்கிற வகுப்பின் கொடுமை படித்தவர்களுக்குத்தான் தெரியும். எல்லாக் கேள்வியும் உனக்கே. பதில் தெரியாவிட்டால் பக்கத்தில் பார்க்க முடியாது. காய்ச்சல் வந்து வீட்டில் படுத்தால் வகுப்பே படுத்துவிடும். பக்கத்து அறையில் கம்ப்யூட்டர் குரூப் பிள்ளைகள் கூட்டமாகச் சிரிக்கும்போது, என்ன ஜோக்கு என்று தெரியாமலே செவ்வந்தியும் சிரித்துப் பார்ப்பாள். மதியம் சாப்பாட்டு மணி அடித்தால் அந்தந்தக் குரூப் அதனதன் மரத்தடியில் வட்டமாக உட்காரும். இவள் டிபன் பாக்ஸைத் தூக்கிக்கொண்டு எந்த வட்டத்தில் போய் உட்கார்ந்தாலும், நகர்ந்து இடம் விடுவார்கள். பேச்சை மட்டும் விட்ட இடத்திலிருந்து அவர்களே தொடர்வார்கள்.

ஒருநாள் தனியாள் வணிகம் என்ற பாடம் நடந்தது. ஒரே ஆள் முதல் போட்டு ஒரே ஆள் நடத்துகிற தொழில். நன்மைகளைச் சொல்லி முடித்த சாம்சன் சார், "குறைபாடு இன்னா, நீயே யோசிச்சி சொல்லு பார்ப்போம்" என்றார்.

"பேச்சுத் துணை இல்ல சார்."

சார் புத்தகத்தைப் புரட்டினார். "அது இதுல இல்லியேம்மா."

"இருக்கணும் சார்."

சார் சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை. சாக்பீஸை எடுத்துக் கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அந்த வாரமே தலைமையாசிரியை ரோசி சிஸ்டர் அவளைக் கூப்பிட்டார். நல்ல மனுஷி, ஆனால் நல்ல மனுஷிக்கும் மேலே அதிகாரிகள் இருக்கிறார்களே. "ஒருத்திய வச்சி ஒரு குரூப்ப நடத்தினா என்னைத்தாம்மா கேப்பாங்க. ஆகஸ்ட் ஒண்ணாந்தேதி ஆள் கணக்கு எடுப்பாங்க. இன்னும் ஒரு ஆள் இருந்தா, இந்த வருஷத்துக்கு மட்டும்னு எழுதி எப்படியாவது அனுமதி வாங்கிடறேன். இல்லன்னா நர்சிங்ல உக்காந்துக்க."

ஊசியைப் பார்த்தாலே செவ்வந்திக்குக் கண் இருட்டும். ஆனால் அவள் பயந்தது ஊசிக்கு இல்லை. பொன்னேரி மாடியில் பார்த்த அந்த நாற்காலிக்குப் போக அவளுக்குத் தெரிந்த வழி இது ஒன்றுதான். அதுவும் அடைபட்டுவிடும் என்று பயந்தாள்.

பிறகு ஒரு வாரம் ஆள் பிடிக்க அலைந்தாள். கூடப் படித்த மாலாவுக்கு நிச்சயம் ஆகியிருந்தது. சுபாஷ் எளாவூர்ப் பக்கம் ஒரு மெக்கானிக் கடைக்குப் போய்விட்டான். மிச்சம் இருந்தது தீனா. பக்கத்துத் தெரு குப்பம்மாவின் மகன், இவளைவிட இரண்டு வயது மூத்தவன். பத்தாவதில் பள்ளியிலேயே கணக்கில் முதல் மதிப்பெண் வாங்கியவன். அந்தக் கோடையில் அப்பா இறந்துவிட்டதால் வலையைக் கையில் எடுத்துக்கொண்டான். இவள் போனபோது ஏரிக்கரையில் படகு இஞ்சினைக் கழற்றிப் போட்டுத் துடைத்துக்கொண்டிருந்தான்.

"தீனாண்ணா, காமர்ஸ் படிக்கறியா?"

அவன் நிமிர்ந்தே பார்க்கவில்லை. "இன்னா, கருவாடு வாங்கறியான்னு கேக்கற மாதிரி கேக்கற?"

"நெசமாத்தாண்ணா. நீ வரலன்னா குரூப்ப மூடிருவாங்க. நீ வெடிகாலைல வலைக்குப் போய்ட்டு ஒம்பது மணிக்கு வந்துகினா போதும்."

தீனா துணியைக் கீழே வைத்தான். பிறகு, "என்னிய இன்னும் சேத்துக்குவாங்களா?" என்று கேட்டான். அந்தக் கேள்வியை இரண்டு வருஷமாக அவன் வாய்க்குள்ளேயே வைத்திருந்தான் என்பது செவ்வந்திக்கு அப்போதுதான் புரிந்தது.

சேர்த்துக்கொண்டார்கள். அதன் பிறகு வந்த நாட்களைப் பற்றிக் கேட்டால் செவ்வந்தி இன்றைக்கும் முகம் மலர்ந்துதான் பேசுவாள். தீனா தலையில் உப்புத் தண்ணீர் காயாமல் வருவான். இரண்டாவது பீரியடில் தூங்கிவிழுவான். முழித்துக்கொண்டால் போதும், சண்டைதான். சரக்கைச் சேர்த்துவைத்து விலை ஏறும்போது விற்பது வணிகம் என்று சார் சொன்னால், "இறாலப் போய் சேத்து வய்யி சார், மறுநாள் வாடைக்கு ஊரே ஓடும்" என்பான். செவ்வந்தி, "அதுக்குத்தாண்ணா ஐஸ் பொட்டி" என்பாள். சாம்சன் சார் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு இருவர் சண்டையையும் கேட்பார். கூட்டாண்மைக்குக் குறைந்தது இரண்டு பேர் வேண்டும் என்ற பாடத்தை அவர் நடத்தியபோது, அந்த அறையில் அதற்கு ஆள் இருந்தது. மரத்தடியிலும் இவர்களுக்கென்று ஒரு வட்டம் வந்தது. இரண்டு பேரை வைத்து வட்டம் போட முடியாதுதான். செவ்வந்தி அதை வட்டம் என்றே சொன்னாள்.

வினை ஆடி மாதத்தில் வந்தது.

ஏரியில் இறாலுக்கு வலை கட்டுகிற இடங்களைப் பாடு என்பார்கள். எல்லோருக்கும் நல்ல இடம் கிடைக்காதே. அதனால் வருஷத்துக்கு ஒருமுறை ஊர்க் கூட்டத்தில் பேர் எழுதிச் சீட்டுப் போட்டு, யாருக்கு எந்த இடம், எந்த முறை என்று பிரிப்பார்கள். ஒரே வீட்டில் அப்பன் பேரிலும் பிள்ளை பேரிலும் இரண்டு பாடு போய்விடக் கூடாது என்று, பள்ளிக்கூடம் போகிற பையன் பேரைச் சேர்க்க மாட்டார்கள். நியாயமான விதிதான். அப்பன் இல்லாத வீட்டில் பிள்ளையே படிக்கவும் போவான், வலையும் கட்டுவான் என்று விதி போட்டவர்கள் நினைக்கவில்லை. தீனாவும் நினைக்கவில்லை. பெண்கள் அந்தக் கூட்டத்துக்குப் போவதே கிடையாது. செவ்வந்தி எங்கே நினைப்பது?

சீட்டுக்கு முன்னால் பேர்ப் பட்டியல் வாசித்த அன்று தீனாவின் பேர் வரவில்லை. எழுந்து கேட்டான். ஊர்த் தலைவர் சிவகுமார், "பையத் தூக்கினு பள்ளிக்கூடம் போறல்ல? அப்ப பாடு இல்ல. உனுக்கு ஒரு ஞாயம், ஊருக்கு ஒரு ஞாயமா?" என்றார். பிறகு கொஞ்சம் இறங்கி வந்தார். "சீட்டு எடுக்கறதுக்குள்ள உன் பேர் அங்க இல்லன்னு பள்ளிக்கூடத்துலேர்ந்து எய்தி வாங்கினு வா. சேத்துக்கறேன்."

சீட்டு எடுப்பது அந்த ஞாயிற்றுக்கிழமை. பள்ளியில் ஆள் கணக்கு எடுப்பது அதற்கு அடுத்த வாரம். ஒரு வாரம் முன்னே பின்னே இருந்திருந்தால் இந்தக் கதையே இல்லை.

மறுநாள் காலை குழாயடியில் குப்பம்மா குடத்தை நங்கென்று வைத்தாள். "எம் புள்ள செவனேன்னு வல இஸ்துகினு இருந்தான். படிக்கலாம் வாடான்னு இட்டுனு போய் எங்க சோத்துல மண்ணள்ளிப் போட்டுட்டா." யாரைச் சொல்கிறாள் என்று எல்லோருக்கும் தெரியும். சுற்றி நின்றவர்கள் செவ்வந்தியின் குடத்தை மட்டும் தொடாமல் தங்கள் குடங்களை நகர்த்திக்கொண்டார்கள். "பெரிம்மா" என்று வாயெடுத்தாள். குப்பம்மா திரும்பவில்லை.

சாயங்காலம் தீனா வந்தான். வீட்டுக்குள் வரவில்லை, வேலி ஓரமாகவே நின்றான்.

"பேர எடுத்தா உன் குரூப்பு போயிரும்ல?"

"ஆமாண்ணா."

"நீ வந்து கூப்ட்ட, நான் வந்தேன். உன்னக் கேக்காம எடுக்க மாட்டேன். ஒரு வருசம் கூலிக்குப் போய்க்கறேன், பரவால்ல. நீ சொல்லு."

யோசிக்கிறேன் என்று செவ்வந்தி தலையை மட்டும் ஆட்டினாள். அவன் போய்விட்டான்.

இதை மறைத்துப் பேச முடியாது. இரண்டு நாள் அவள் வாயைத் திறக்கவில்லை. நினைத்ததையெல்லாம் கொட்டிவிடுகிற அதே வாய்தான். திறக்காமல் இருந்தாலே போதும், ஞாயிற்றுக்கிழமை தானாகப் போய்விடும், குரூப் நிற்கும், மரத்தடி வட்டம் நிற்கும். அந்த இரண்டு நாளும் தீனா பள்ளிக்கு வந்தான், தூங்கினான், சண்டை போட்டான், எதையும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் கோபித்துக்கொள்ளவாவது முடிந்திருக்கும். இரண்டாம் நாள் மதியம் அவன் டிபன் பாக்ஸைத் திறந்தான். வெறும் கஞ்சி, ஓரத்தில் ஒரு பச்சை மிளகாய். மீன்பிடிக்கிற வீட்டுச் சாப்பாட்டில் மீன் இல்லை. குப்பம்மா இப்போதே கையை இறுக்கிப் பிடிக்க ஆரம்பித்துவிட்டாள்.

"எடுத்துடுண்ணா" என்றாள் செவ்வந்தி.

தீனா கஞ்சியைப் பார்த்துக்கொண்டே, "நெசமாவா?" என்றான்.

"நெசமா. ஆனா நான் சொல்லித்தான் எடுத்தன்னு யாருகிட்டயும் சொல்லாத. உங்கம்மாகிட்டகூட. ஒரு பொண்ணு வான்னா வந்தான், போன்னா போனான்னு ஊரு வேற மாதிரி கத கட்டும். உனுக்கும் நல்லால்ல, எனக்கும் நல்லால்ல."

அது உண்மைதான் என்பது அவனுக்கும் தெரியும். தலையாட்டினான். பிறகு பாதி மிளகாயைக் கிள்ளி அவள் டிபன் மூடியில் வைத்தான். இருவரும் சாப்பிட்டு முடித்தார்கள்.

ரோசி சிஸ்டர் அன்றைக்கே எழுதிக் கொடுத்துவிட்டார். சாம்சன் சாருக்கும் அந்த வாரத்தோடு வேலை இல்லை என்றாகிவிட்டது. பைக்கை உதைக்கும்போது, "நான் காட்டூர்ல நாலு புள்ளைங்களுக்கு டியூஷன் எடுத்துப் பொழச்சிக்குவேன். நீ மனச விட்ராத" என்றார். அவர் வேலையையும் சேர்த்துத்தான் விட்டுக்கொடுத்துவிட்டோம் என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. நர்சிங் வகுப்பில் நாற்பது பேர். மூன்றாவது பெஞ்சில் இடம் விட்டார்கள். பேச்சு விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தது.

ஞாயிற்றுக்கிழமை ஊர்க் கூட்டத்து மைக் சத்தம் வீடு வரைக்கும் கேட்டது. பேர், இடம், பேர், இடம் என்று வாசித்துக்கொண்டே வந்தார்கள். அடுப்படியில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த செவ்வந்தியின் கை நின்றது. தீனாவின் பேர் வந்தது. கூடவே முகத்துவாரத்துக்குப் பக்கத்து இடமும் வந்தது. கடல் தண்ணீர் ஏரிக்குள் நுழைகிற வாய் அது. இறால் அங்கேதான் முதலில் ஏறும். கூட்டத்தில் ஓவென்று சத்தம் எழுந்தது. செவ்வந்தியும் தன்னையறியாமல் ஓவென்றாள்.

கொஞ்ச நேரத்தில் குப்பம்மா தட்டில் சர்க்கரையை எடுத்துக்கொண்டு தெருவுக்குள் வந்தாள். நல்ல பாடு விழுந்தால் வீட்டுக்கு வீடு கொடுப்பது வழக்கம். இரண்டு வருஷம் கழித்து அவள் முகத்தில் சிரிப்பு. தெருக்கோடி வீடு, அடுத்த வீடு, அதற்கடுத்த வீடு. செவ்வந்தி கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு வாசலுக்கு வந்து நின்றாள். குப்பம்மா அவளைப் பார்த்தாள். தட்டை இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டு, அந்த வாசலை விட்டுவிட்டு அடுத்த வீட்டுப் படியேறினாள்.

வசந்தா பார்த்துவிட்டாள். "கண்ணு அவிஞ்சி போச்சா இவளுக்கு?" என்று முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு கிளம்பினாள்.

செவ்வந்தி அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். "உடும்மா. நல்ல எடம் உழுந்துருக்குது. சந்தோசமா போவட்டும்."

"அதுக்கு நீ ஏண்டி அய்வுற?"

"வெங்காயம்மா" என்றாள் செவ்வந்தி. அம்மா அதை நம்பி உள்ளே போய்விட்டாள்.