அடையாறில் காத்திருந்த ஃபரோ தீவு

போன சனிக்கிழமை மேற்கு மாம்பலத்திலிருந்து அடையாறுக்குப் போனேன். எட்டு கிலோமீட்டர்தான். ஆனால் இந்த ஐம்பத்திரண்டு வயதில் இவ்வளவு பயந்துகொண்டு நான் எங்கேயும் போனதில்லை. ஐஸ்லாந்து மொழிக்கும், அதற்குத் தெற்கே கடலில் இருக்கும் ஃபரோ தீவுகளின் மொழிக்கும் இலக்கணத்தில் என்ன வித்தியாசம் என்று பேச ஒரு மொழி ஆர்வலர் வட்டம் கூப்பிட்டிருந்தது. இரண்டு நாட்டையும் சுற்றியவன் என்று இதே வலைப்பூவில் அளந்துவிட்டதன் பலன்.

மாலை 4.40க்கு ஆட்டோ, 230 ரூபாய். அரங்கநாதன் சுரங்கப்பாதை தாண்டியதும் வட்டத்தின் செயலாளர் போன் செய்தார். “சார், நல்ல சேதி! ஃபரோவுலேருந்தே ஒரு அம்மா வந்திருக்காங்க. முதல் வரிசையில உக்கார வெச்சிருக்கேன்.”

இலக்கணம் புத்தகம் வைத்துப் படித்ததுதான்; அதில் பயமில்லை. ஐஸ்லாந்தில் ஆறு நாள் இருந்ததும் நிஜம். ஃபரோவில் மீனவர் வீட்டில் நான்கு நாள் தங்கி மீன் குழம்பு சாப்பிட்டதாக எழுதினேனே, அதுதான் பொய். பனிமூட்டத்தில் விமானம் இறங்க முடியாமல் திரும்பிவிட்டது. மீனவருக்கு ஏதாவது பெயரை அடித்துவிடலாம் என்றால், அந்த நாட்டின் மொத்த ஜனமும் தி.நகர் தீபாவளிக் கூட்டத்துக்குக் காணாது. “அவர் என் சித்தப்பா” என்று அந்த அம்மா எழுந்து நின்றால்?

நந்தனம் சிக்னலில் ஓட்டுநர் திரும்பிப் பார்த்தார். “இன்னா சார், இப்டி வேர்த்துகினு கீது? ஆஸ்பத்திரிக்கு வுடவா?”

“மேடையில பேசணும்பா.”

“அவ்ளோதானா? நெஞ்சுவலின்னு நான் பயந்துட்டேன் நைனா!”

5.35க்குப் பொன்னாடை. வினைச்சொல்லில் நாங்கள், நீங்கள், அவர்கள் என்பதற்கு ஐஸ்லாந்து மொழி தனித்தனி விகுதி போடுகிறது, ஃபரோ மூன்றையும் ஒன்றாக்கிவிட்டது என்றேன். உடைமையைக் காட்டும் வேற்றுமை ஐஸ்லாந்தில் உயிரோடிருக்கிறது, ஃபரோ பேச்சில் அநேகமாகத் தேய்ந்துவிட்டது என்றேன். அந்த அம்மா தலையாட்டினார். பிறகு கையைத் தூக்கினார்.

“யார் வீட்டில் தங்கினீர்கள்?” என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

“யார் வீட்டிலும் இல்லை. பனிமூட்டம். இறங்கவே இல்லை.”

செயலாளர் பரிதாபமாக, “அப்ப அந்த மீன் குழம்பு?” என்றார்.

“அதுவும் இல்லை சார்.”

அந்த அம்மா குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். “பனிமூட்டத்தைப் பார்த்தீர்கள் அல்லவா? பாதி நாட்டைப் பார்த்தாயிற்று.”

அடையாறு போகிறவர்கள் நான்கு மணிக்கே கிளம்புங்கள். நந்தனத்தில் மட்டும் பன்னிரண்டு நிமிடம் நின்றோம். ஃபரோ போகிறவர்களுக்கு: என் பழைய கட்டுரையில் பனிமூட்டம் பற்றிய முதல் பத்தியை மட்டும் நம்புங்கள். குழம்பைத் தேடி அலைய வேண்டாம்.