ரெண்டு தடவை எடம் மாறுன பெட்ரோல் கேன்

நான் பேய் பிசாசை நம்பறவன் இல்லீங்க, அதை முதல்லயே சொல்லிப்போடறேன். நம்பறதில்லைன்னு சொல்றது கூட மரியாதையான பேச்சு, அதையெல்லாம் நம்பற ஆளுகளைக் கண்டாலே எனக்கு இளக்காரம். திருப்பூர் அருள்புரத்துல இருபது வருசத்துக்கு மேல ஜெனரேட்டர், கம்ப்ரசர் வேலை பாக்கறேன். ஒரு பனியன் கம்பெனில ஜெனரேட்டர் ரூமுக்குள்ள பொம்பளை அழுகற சத்தம் கேக்குதுன்னு எலுமிச்சம்பழத்தை அறுத்து வாசல்ல வெச்சுட்டு, மூணு நாளு ஒருத்தனும் உள்ள போகாம நின்னானுக. நான் போய்ப் பார்த்தா ஃபேன் பெல்ட்டு காஞ்சு கெடக்குது. பெல்ட்டை மாத்துனேன், பொம்பளை அழுகையை நிறுத்திட்டா. அவ்வளவுதானுங்க பேய். அதனால இதைக் கேட்டு நீங்க சிரிச்சா நான் கோவிச்சுக்க மாட்டேன், உங்க எடத்துல நான் இருந்திருந்தா பாதியிலயே எந்திரிச்சுப் போயிருப்பேன்.

எனக்கு வேலை குடுக்கற மொதலாளிக ரெண்டு மூணு பேருல செந்தில்நாதன்னு ஒருத்தர். நிட்டிங் யூனிட்டு வெச்சிருக்கறார், நாப்பது வயசு இருக்கும். காசு வந்ததுமே மனுசனுக்கு எல்லாம் தெரிஞ்சு போயிருதுங்களே, அந்த ரகம். அவர் ஒரு படகு வாங்குனார். திருப்பூர்ல படகு! சாயத்தண்ணி ஓடற நொய்யல்ல ஓட்டப் போறாரான்னு டீக்கடையில நாங்க சிரிச்சோம். அவரு மாமனாருக்கு உடுமலைக்கு அந்தப்பக்கம் தென்னந்தோப்பு, தோப்போட கடைசி வரப்பைத் தாண்டுனா டேம் தண்ணி. பன்னெண்டு அடி ஃபைபர் படகு, பின்னால சின்னதா ஒரு பெட்ரோல் எஞ்சின். எஞ்சினை மாட்டி ஓட்டிக் காட்டறதுக்கு என்னைக் கூட்டிட்டுப் போனார்.

ஞாயித்துக்கெழமை, காலையில பதினோரு மணி, நல்ல வெய்யில். ராத்திரியும் இல்லை, மழையும் இல்லை, அதை மனசுல வெச்சுக்குங்க.

எஞ்சின் டேங்கு சின்னது, அக்கரைக்குப் போயி வரப் பத்தாது, எச்சா பெட்ரோல் வேணும். அதுக்கு இவர் கொண்டாந்தது என்னன்னு நெனைக்கறீங்க, குடிதண்ணி கேனு. இருபது லிட்டர் கேனு, வாயில பாலிதீன் பையைச் சுத்தி அடைச்சிருக்குது. சோத்துப் பானைய மூடற மாதிரி. எனக்கு வந்த எரிச்சல்ல அப்படியே ஊருக்குத் திரும்பிடலாம்னு பார்த்தேன். நல்லவேளை, என்ற வண்டியில பெட்ரோலுக்குன்னே இருக்கற கெட்டி கேன் ஒண்ணு இருந்துச்சு. கேனைப் படகுல வெச்சு ஊத்தக்கூடாதுங்க, கரையில தரையில வெச்சுத்தான் ஊத்தோணும். வாய் முட்டவும் ஊத்தக்கூடாது, வெய்யில்ல பெட்ரோல் உப்பும், மேல எடம் விடோணும். அப்பறம் காத்தாட வெளிய நிறுத்தி, சாயாம கட்டி வெய்க்கோணும். மூடுன பெட்டிக்குள்ள வெச்சா ஆவி மேல போகாது, தண்ணி மாதிரி அடியிலயே தேங்கி நிக்கும், ஒரு பொறி போதும். இத்தனையும் சொன்னேன்.

"ஏனுங்ணா, பதினஞ்சு லிட்டர் பெட்ரோலுக்கு இத்தனை பாடமுங்களா? நாங்கெல்லாம் பெட்ரோலையே பாக்காத ஆளுகளா?"ன்னார். பேச்சுல மரியாதைக்கு ஒண்ணும் குறைச்சல் இல்லை, நம்மூர்ல செருப்புல அடிக்கறதா இருந்தாலும் 'ங்க' போட்டுத்தானே அடிப்பாங்க.

முக்கால் கேன் ஊத்தி மூடி வெச்சுட்டு நான் எஞ்சினை மாட்டப் போனேன். அந்த நேரத்துல இவர், மிச்சத்தை எதுக்கு விடறதுன்னு வாய் முட்ட ஊத்தி, கேனைத் தூக்கி முன்னால சீட்டுக்கு அடியில இருக்கற பெட்டிக்குள்ள வெச்சு மூடிட்டார். அந்தப் பெட்டிக்குள்ளதான் பாட்டுப் பெட்டிக்கு ஒரு பேட்டரியும் வெச்சிருக்கறார். ஏன் அங்க வெச்சீங்கன்னு கேட்டா, ஃபோட்டோவுல கேனு அசிங்கமாத் தெரியுதாம்.

நான் இன்னொரு வார்த்தை சொல்லியிருக்கோணும். சொல்லலை. செத்தா சாகட்டும்னு நெனைச்சேன். அதே படகுல நானும் உக்காரப் போறேன்னு தோணுச்சா? தோணலை. கூட அவரு சம்சாரம் கவிதாவும் வருது, நல்ல பொண்ணு, என்னை வாய் நெறைய அண்ணான்னு கூப்பிடும். அதையும் நான் நெனைக்கலை.

நான் பின்னால எஞ்சின் கைப்பிடியைப் பிடிச்சு உக்காந்தேன். கவிதா நடு சீட்டுல என்னைப் பார்த்து உக்காந்துச்சு. இவர் அந்தப் பெட்டிக்கு முதுகைக் காட்டிட்டு படகு மூக்குல ராஜா மாதிரி நின்னுக்கிட்டு, செல்ஃபோன்ல தன்னைத்தானே பிடிச்சுக்கிட்டிருந்தார். இருவது நிமிசம் போயிருக்கும், என் குதிகால்ல என்னமோ இடிச்சுது, குனிஞ்சு பார்த்தா கேனு. என் காலுக்குப் பக்கத்துல நேரா நிக்குது.

சரி, இந்தப் பொண்ணுக்குப் புத்தி இருக்குது, புருசன் பாக்காதப்ப எடுத்து வெச்சிருக்குதுன்னு நெனைச்சேன். அதுக்குள்ள இவர் பார்த்துட்டார்.

"சொன்னாக் கேக்கவே மாட்டீங்களாங்ணா?"

"நான் எடுக்கலீங்க. கைப்பிடியை விட்டா படகு சுத்திருமுங்க"ன்னேன்.

கவிதாவைப் பார்த்தார். "நானும் இல்லீங்க"ன்னுச்சு. அது பொய் சொல்ற மொகம் இல்லை. அவர் எங்க ரெண்டு பேரையும் கிறுக்கனுகளைப் பாக்கற மாதிரி பார்த்துட்டு, கேனைத் தூக்கிட்டுப் போயி பெட்டியில வெச்சு, கொக்கியை மாட்டி, அது மேலயே சம்மணம் போட்டு உக்காந்துக்கிட்டார். இனி எடுங்க பாக்கலாம்ங்கற மாதிரி.

நம்புனா நம்புங்க, நம்பாட்டிப் போங்க. படகு டேமுக்கு நடுவுல வந்துச்சு. அவர் பெட்டி மேல உக்காந்திருக்கறது எனக்கு நேராத் தெரியுது. கவிதா என்னைப் பார்த்துட்டு உக்காந்திருக்குது. நான் எஞ்சின் சத்தத்துல என்னமோ வித்தியாசமா இருக்குதேன்னு ஒரு தடவை திரும்பிப் பார்த்தேன், அவ்வளவுதான், மூச்சு விடற நேரம். திரும்பறேன், கவிதா வாயைப் பொத்திக்கிட்டு என் காலைக் காட்டுது. கேனு அங்க நிக்குது. இந்தத் தடவை சும்மா நிக்கலை. படகுல கெடந்த நைலான் கயித்துல ரெண்டு சுத்துச் சுத்தி, ஓரத்து வளையத்தோட இறுக்கிக் கட்டியிருக்குது. மூடிக்கு அடியில ஈரம் கசியுது, கேன் வயிறு உப்பி நிக்குது.

எஞ்சினை நிறுத்திட்டேன். இவர் எந்திரிச்சுப் பெட்டியைத் தொறந்தார். உள்ள பேட்டரி மட்டும் இருக்குது. பெட்ரோல் வாசம் எனக்கு அங்க இருந்தே அடிச்சுது.

"ரெண்டு கேன் கொண்டாந்து வித்தை காட்டறீங்களா?"ன்னு கத்துனார். அந்த நெலமையிலயும் அந்த ஆளுக்கு அதுதான் தோணுச்சு. மறுபடியும் கேனைத் தூக்க வந்தார். கவிதா எந்திரிச்சு நடுவுல நின்னுக்கிச்சு.

"அதைத் தொட்டீங்கன்னா நான் தண்ணில குதிச்சிருவேன்."

நீச்சல் தெரியாத பொண்ணுங்க அது. இவர் நின்னுட்டார். ஆனா பயந்துட்டேன்னு யாரும் நெனைச்சுரக்கூடாதே. பெட்டியை டப்புன்னு சாத்தி, "போங்கடா, நீங்களும் உங்க பேயும், நான் பாட்டுக் கேக்கறேன்"னு சொல்லிக்கிட்டே பாட்டுப் பெட்டி சுவிட்சைத் தட்டுனார். வேண்டாமுங்கன்னு நான் கத்துனது அவர் காதுல விழுகறதுக்குள்ள டொம்முன்னு ஒரு சத்தம். மூடி பிச்சுக்கிட்டு மேல போச்சு, நீலமா ஒரு தீ எந்திரிச்சு அவரு புருவத்தை நக்கிட்டுப் போச்சு. பெட்டிக்குள்ள தேங்குன ஆவி அவ்வளவும் ஒரே மூச்சுல எரிஞ்சுது. அடியில விரிச்சிருந்த துணி பத்திக்கிச்சு, என் சீட்டுக்கு அடியில நான் வெச்சிருந்த தீயணைப்பு சிலிண்டரை எடுத்து அடிச்சேன், அணைஞ்சுது. கேனு பெட்டிக்குள்ள இருந்திருந்தா என்ன ஆயிருக்கும்னு உங்களுக்கே தெரியும், இந்தக் கதையைச் சொல்ல மூணு பேருல ஒருத்தரும் மிஞ்சியிருக்க மாட்டோம்.

அப்பறம் எஞ்சினை நான் தொடலை. துடுப்புப் போட்டே கரைக்கு வந்தோம். அவர் கைக்குட்டையில மொகத்தை மூடிக்கிட்டு உக்காந்திருந்தார். கரையில எறங்கி அந்த முடிச்சை அவிழ்க்கப் பார்த்தேன். முடியலீங்க. எத்தனை மோட்டாரைக் கட்டி எறக்குன கை இது, எனக்கு அதுக்குத் தலையும் தெரியலை வாலும் தெரியலை. கடைசியில கத்தியில அறுத்தேன்.

ஊட்டுக்கு வந்து கை கழுவறப்பத்தான் பார்த்தேன். வலது உள்ளங்கையில குறுக்கால செவசெவன்னு ஒரு தடம், கயித்தை இழுத்து இறுக்குனா விழுகுமே, அது மாதிரி. நான் அந்தக் கயித்தை இறுக்கவே இல்லீங்களே. சரி, துடுப்புப் போட்டதுல வந்திருக்கும்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன். அப்படித்தான் நாலு நாள் ஓட்டுனேன். அஞ்சாவது நாள் கவிதா ஃபோன் பண்ணுச்சு.

"அண்ணா, ஒண்ணு கேக்கறேன், சிரிக்காதீங்க. உங்க வலது உள்ளங்கையிலயும் ஏதாவது தடம் இருக்குதுங்களா?"

அந்தப் பொண்ணு துடுப்பையே தொடலை.

"உங்க ஊட்டுக்காரருக்கு?"ன்னு கேட்டேன்.

"கையைக் காட்ட மாட்டேங்கறாருங்ணா"ன்னுச்சு.

ரெண்டு மாசம் கழிச்சு காங்கேயத்துல ஒரு கல்யாணம். போயிருந்தேன். செந்தில்நாதன் நாலு பேரை நிக்க வெச்சு, மெக்கானிக்கு கூலி ஏத்திக் கேக்கறதுக்காகப் படகுல வித்தை காட்டுனான்னு சொல்லிச் சிரிச்சுட்டிருந்தார். புருவம் அரைகொறையா மொளைச்சிருந்துச்சு. நான் பக்கத்துல போயி நின்னதும் வலது கையைப் பேண்ட்டுப் பாக்கெட்டுக்குள்ள விட்டுக்கிட்டார். எனக்கு வந்த கோவத்துக்கு அங்கயே நாலு வார்த்தை கேட்டிருப்பேன், சபையாச்சேன்னு விட்டேன். அப்பறம் பந்தியில எனக்கு எதுத்தாப்புல உக்காந்தார். சுத்தியும் அத்தனை ஒறம்பரை சனமும் கையில பெசஞ்சு தின்னுட்டிருக்குது, அந்த மனுசன் மட்டும் எலையில போட்ட சோத்தை, ரசத்தை, அப்பளத்தைக் கூட, இடது கையில ஸ்பூன் வாங்கித் தின்னுட்டிருந்தார். வலது கை கடைசி வரைக்கும் மேசைக்கு அடியிலயே இருந்துச்சுங்க.