பினாங்கில் கை நனைத்தது

அப்பா இறந்த செய்தி வந்தபோது எனக்கும் அம்மாவுக்கும் பாஸ்போர்ட் வந்து பத்து நாள்கூட ஆகவில்லை. முழுப்பரீட்சை லீவுக்கு எங்களைப் பினாங்குக்குக் கூட்டிப்போவதாக அப்பா சொல்லியிருந்தார். அதற்காகத் திண்டிவனத்துக்கும் விழுப்புரத்துக்கும் மாறி மாறி அலைந்து, போலீஸ்காரர் வீட்டுக்கு வந்து விசாரித்துப் போய், ஒருவழியாகக் கைக்கு வந்த பாஸ்போர்ட். எனக்கு அப்போது ஒன்பது வயது. அதிலிருந்த என் போட்டோவைத் தெருவில் எல்லோருக்கும் காட்டி முடித்திருந்தேன்.

அப்பா பினாங்குக்குப் போவதற்கு முன்னால் விக்கிரவாண்டி டோல்கேட் பக்கம் லாரிக்காரர்கள் சாப்பிடும் ஓட்டலில் அடுப்படியில் நின்றவர். அம்மாவின் அண்ணன், அதாவது என் மாமா, பினாங்கில் ஒரு தாய்லாந்துச் சாப்பாட்டுக் கடையில் வேலை பார்த்தார். முதலாளியம்மாவிடம் பேசி அப்பாவை அங்கே சேர்த்துவிட்டவர் அவர்தான். முதலாளியம்மா தாய்லாந்திலிருந்து வந்து கடை போட்டவர். மிளகாயும் மீன்சாறும்கூட அவர் ஊரிலிருந்துதான் வர வேண்டும், குழம்பில் ஒரு இலை மாறினாலும் அப்படியே கொட்டச் சொல்லிவிடுவார் என்று அப்பா போனில் பெருமையடிப்பார். ஞாயிற்றுக்கிழமை போன் வந்தால் பாதி நேரம் சாப்பாட்டுப் பேச்சுதான். பப்பாளிக்காயைச் சீவி உரலில் போட்டு இடிப்பார்களாம். அதில் வறுத்த மல்லாட்டையை, அதுதான் வேர்க்கடலையை, தூவுவார்களாம். அப்பா புளுகுகிறார் என்று நான் சிரித்தேன்.

"நீயே வந்து துன்னு பாரு பாப்பா. அப்புறம் சொல்லு" என்றார்.

குளிக்கும்போது வழுக்கி விழுந்து தலையில் அடிபட்டு இறந்துவிட்டதாக மாமா போனில் சொன்னார். உடம்பை அனுப்பிவைக்கிறோம், ஒரு தாளில் கையெழுத்துப் போட்டு அனுப்பினால் போதும் என்றார். அம்மா ஒரே பிடியாக நின்றாள். கண்ணால் பார்க்காமல் எதிலும் கையெழுத்துப் போட மாட்டேன் என்றாள். கடைசியில் முதலாளியம்மாவே எங்கள் இருவருக்கும் டிக்கெட் எடுத்து அனுப்பினார். விமானத்தில் எனக்கு ஜன்னலோர இடம் கிடைத்தது. அதற்காக நான் சந்தோஷப்பட்டேன் என்பதைச் சொல்ல இப்போது வெட்கமாக இருக்கிறது.

அங்கே ஆஸ்பத்திரியில் என்னை வெளியே பெஞ்சில் உட்காரவைத்துவிட்டு அம்மாவும் மாமாவும் உள்ளே போனார்கள். திரும்பி வந்த அம்மா அழவில்லை. மாமாவை நேராகப் பார்த்து நின்றாள்.

"மூஞ்சில ஒரு காயம் இல்லண்ணா. ரெண்டு கையையும் எதுக்கு முழங்கை வரைக்கும் துணி சுத்தி வெச்சிருக்காங்க? வழுக்கி உழுந்த மனுசனுக்கு கைல இன்னா?"

"எனுக்கு இன்னாம்மா தெரியும்? நான் அன்னைக்கி லீவு" என்றார் மாமா, தரையைப் பார்த்துக்கொண்டு.

அங்கிருந்து நேராகக் கடைக்குத்தான் போனோம். மத்தியானக் கூட்டம் கலைந்து, நாற்காலிகளைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள். முதலாளியம்மா அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். அந்த அழுகை நிஜமா, நடிப்பா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அவர் மலாயில் சொன்னதை மாமா தமிழில் சொன்னார். மேசைமேல் ஒரு தாள் வந்தது.

"வேலை நேரத்துல நடக்கல, யார் மேலயும் புகார் இல்லன்னு எழுதியிருக்குது. கையெழுத்து போட்டீன்னா நாளைக்கே உடம்ப ப்ளைட்ல ஏத்திடுவாங்க."

"அந்தக் கை ரெண்டும் இன்னா ஆச்சுன்னு சொல்லச் சொல்லு. அப்புறம் போடறேன்."

மாமா அதை மொழிபெயர்த்தாரா, வேறு எதையாவது சொன்னாரா, தெரியவில்லை. முதலாளியம்மா தலையை ஆட்டிவிட்டு உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார். சாப்பாடு வந்தது.

எங்கள் பக்கம் பெண் பார்க்கப் போனாலும் சரி, பஞ்சாயத்துக்குப் போனாலும் சரி, பேச்சு முடியாமல் அந்த வீட்டில் கை நனைக்க மாட்டார்கள். நனைத்துவிட்டால் காரியம் முடிந்தது என்று அர்த்தம். அதற்குமேல் கேள்வி கேட்கிற பாத்தியதை போய்விடும். அம்மா இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு தண்ணீரைக்கூடத் தொடாமல் உட்கார்ந்திருந்தாள். அந்த ஊரில் அவளுக்கு பாஷை தெரியாது, ஆள் கிடையாது. சாப்பிடாமல் இருப்பது ஒன்றுதான் அவள் கையிலிருந்தது. அதன் அர்த்தம் அந்தக் கடையில் மாமா ஒருவருக்குத்தான் தெரியும்.

எனக்குப் பசி. விமானத்தில் கொடுத்ததை வாந்தியெடுத்த பிறகு பிஸ்கட் தவிர எதுவும் உள்ளே போகவில்லை. இறால் மிதக்கிற சிவப்பு ரசத்திலிருந்து எலுமிச்சை இலை கசக்கினாற்போல வாசம் வந்தது. சின்ன மூங்கில் கூடையில் பிசுபிசுவென்று ஒட்டுகிற சோறு. அதைக் கையால்தான் எடுக்க வேண்டும் என்று முதலாளியம்மா எனக்குச் செய்து காட்டினார். ஒரு தட்டில் வெளுப்பாக, நூல் நூலாக ஏதோ இருந்தது. மேலே மல்லாட்டை. அப்பா புளுகவில்லை.

நான் கையை நீட்டியபோது மேசைக்கு அடியில் அம்மா என் தொடையை அழுத்தினாள். அடுத்தவர் வீட்டில் அலையாதே என்பதற்கு அவள் வழக்கமாகச் செய்வதுதான். கொஞ்சமாக எடுத்துக்கொள்ளலாம் என்று நினைத்து எடுத்து வாயில் போட்டேன். புளிப்பு, காரம், இனிப்பு, கருவாட்டு வாசம் எல்லாம் ஒன்றாக ஏறியது. கண்ணில் தண்ணீர் வந்தும் விடாமல் இன்னொரு வாய் அள்ளினேன். அப்புறம் சோறு, அப்புறம் இறால்.

மாமா நாற்காலியில் சாய்ந்தார். "புள்ள கை நனைச்சிடுச்சி. இனிமே இன்னாம்மா பேச்சு?"

அம்மா என்னைப் பார்த்தாள். நான் விரலை நக்கிக்கொண்டிருந்தேன். அவள் திட்டவில்லை, கையைத் தட்டிவிடவும் இல்லை. கொஞ்ச நேரம் கழித்துத் தன் தட்டை இழுத்து, சோற்றைப் பிட்டு வாயில் போட்டாள். தலையைத் தூக்காமல் தட்டைக் காலி செய்தாள். பிறகு கையைக் கழுவிக்கொண்டு வந்து, மாமா விரலால் காட்டிய இடத்தில் தன் பெயரை எழுதினாள்.

அந்த மாமா இப்போது விழுப்புரத்தில் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறார். அப்பாவின் கைகளைப் பற்றி நானும் இரண்டு தடவை கேட்டுப் பார்த்துவிட்டேன். "அதெல்லாம் அன்னைக்கே முடிஞ்சிபோச்சி பாப்பா" என்று சொல்லிவிட்டு வண்டியைக் கிளப்பிவிடுவார்.

அப்போது நாங்கள் ஊர் திரும்பிய மறுநாள் ஆம்புலன்ஸ் சென்னையிலிருந்து திண்டிவனம் வழியாகப் பெட்டியைக் கொண்டுவந்து வாசலில் இறக்கியது. திறக்கக் கூடாது என்று மேலே எழுதி ஒட்டியிருந்தது. அப்பாவின் அக்கா, என் அத்தை, பெட்டியின்மேல் விழுந்து அழுதுவிட்டு எழுந்து அம்மாவிடம் வந்தாள்.

"எப்பிடி செத்தான்னு கேட்டியா?"

"கேட்டேன். சொல்லல."

"சொல்லாம நீ ஏன்டி கையெழுத்து போட்ட?"

அம்மா சுற்றி நின்ற சனத்தைப் பார்த்தாள். "பசி தாங்கல அண்ணி. நான்தான் மொதல்ல கை நனைச்சிட்டேன்."

அத்தை அவள் காலடியில் காறித் துப்பினாள். "புருசன் பொணமா கெடக்கறப்ப ஒனக்கு சோறு கேக்குதா?" அன்றைக்கு நின்ற பேச்சுவார்த்தை, அத்தை சாகும்வரை நின்றதுதான்.

எனக்குப் பொறுக்கவில்லை. அப்பா சொன்ன அந்தப் பப்பாளிக்காயை முதலில் சாப்பிட்டது நான். அந்தப் பெருமையை அம்மா எல்லார் முன்னாலும் தட்டிப் பறிக்கிறாள். "இல்ல, நான்தான் மொதல்ல…" என்று கத்திக்கொண்டு கூட்டத்துக்குள் புகுந்தேன். முடிப்பதற்குள் அம்மா என்னை இழுத்து இடுப்போடு அணைத்து வாயைப் பொத்தினாள். இவ்வளவு பேர் முன்னால் பொய் சொல்கிறாளே என்று எனக்கு ஆத்திரம் வந்தது. அவள் உள்ளங்கையைப் பலங்கொண்ட மட்டும் கடித்தேன். அம்மா கையை எடுக்கவில்லை.